ஆந்தை கண் விழித்தால்

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. இன்டக்‌ஷன் அடுப்பை அம்மா தொடமாட்டாள், ஷாக் அடிக்குமாம். நாள் முழுக்கக் கரன்ட்டோடு குடித்தனம் நடத்துகிற மகளைப் பெற்றவள் பேசுகிற பேச்சா இது! நேற்றைய சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

லேபில் நல்ல சேதி. முப்பதாம் தேதி டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது. டைரக்டர் கனகசபாபதி சார் கூப்பிட்டு, "ஈஸ்வரி, அன்னைக்கு உங்க ஆந்தையைத்தான் காட்டப்போறோம். அது நல்லா நடந்துச்சுன்னா உங்களை நிரந்தரம் பண்ற ஃபைலை நானே கையில எடுத்துட்டுப் போறேன்" என்றார். ஒப்பந்த ஊழியராகவே எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. ஆசையே இல்லை என்று எழுதினால் சிரிப்புதான் வரும்.

செப்டம்பர் 3, புதன்

பெரிய மாமா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். "நீ என்னம்மா வேலை பாக்குற, கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்றார். அம்மா காபி கலக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். நான் விடவில்லை, உட்காரவைத்துச் சொன்னேன்.

ஊர் உலகத்தில் இருக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்செல்லாம் எந்தத் தகவலை எந்த வழியில் அனுப்புவது என்று தானே முடிவு செய்யும். எங்கள் லேபில் இருக்கிற ஸ்விட்ச்சுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆளுக்கொரு புத்தியை எழுதிக் கொண்டுவருவார்கள், அதற்குப் பெயர் கன்ட்ரோலர். அது போடுகிற ரூல்படி ஸ்விட்ச் நடக்கும். ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் அதே ஸ்விட்ச்சுகளில். காம்பவுண்டு வீடு மாதிரி ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு பூட்டு. பக்கத்துக் குடித்தனம் இருப்பதே யாருக்கும் தெரியாது. அப்படிப் பங்கு பிரித்துக் கொடுத்து, ஒருவர் பங்கில் இன்னொருவர் கைவைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

"அப்ப வீட்டு ஓனரா?" என்றார் மாமா.

"வாட்ச்மேன்" என்றேன்.

ஆந்தையைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? நானே உட்கார்ந்து எழுதியது. ஒவ்வொருவர் பங்கிலும் எண்ணிக்கை எடுப்பதற்கென்று சொந்தமாகக் கொஞ்சம் ரூல்களைப் போட்டுக்கொண்டு, எங்கே எவ்வளவு போகிறது என்று சுவரில் இருக்கிற பெரிய திரையில் உடனுக்குடன் காட்டும். "போயும் போயும் ஆந்தைன்னா பேர் வைப்பாங்க? வீட்டுக்கு ஆகாதே" என்றார். வீட்டுக்கு வைக்கவில்லையே மாமா, லேபுக்குத்தானே.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று பெனிட்டாவோடு பொழுது போயிற்று. தூத்துக்குடிப் பெண், ஆறாவது வருஷமாகப் பிஎச்டி. இரண்டு முறை அவகாசம் நீட்டியாயிற்று, இனிமேல் கிடையாது. அக்டோபர் மூன்றாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பதிவே ரத்து. பாக்கி இருப்பது ஒரே ஒரு அத்தியாயம், அதற்கு எங்கள் லேப் அளவுகள் வேண்டும்.

அவள் கன்ட்ரோலர் செய்கிற காரியம் அழகானது. ஒரு வழி அறுந்தால், கண் சிமிட்டுவதற்குள் வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். மற்றவர்களைப் போலப் பொய்யாக அறுத்துப் பார்க்கமாட்டாள். நிஜமாகவே கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பாள். பிடுங்குகிற வேலை லியாகத் பாய்க்கு. எங்கள் லேபில் வயரும் ஏசியும் அவர் பொறுப்பு. அவள் இங்கிருந்து "பாய், பிடுங்குங்க!" என்று கத்துவாள், அவர் ஸ்விட்ச் அடுக்கியிருக்கிற ரேக்குக்குப் பின்னாலிருந்து "பிஸ்மில்லா!" என்று இழுப்பார்.

அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஆந்தையைப் போட்டு வைத்தேன். சோதனை ரன் சொதப்பல். திருப்பிவிட ஒரு யுகம் ஆயிற்று.

"போன வாரம் நல்லா வந்துச்சேக்கா" என்றாள் பாவமாக.

செப்டம்பர் 9, செவ்வாய்

லீவு. அம்மாவுக்குக் கண் பரிசோதனை. புரை இருக்கிறது, இப்போதைக்கு சொட்டு மருந்து போதுமாம். ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்து சீட்டு அம்மாளிடம் என் வயது, என் சம்பளம், என் வீட்டுக்காரர் ஓசூரில் இருப்பது, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

மத்தியானம் பெனிட்டாவிடமிருந்து செய்தி. ரன் பிரமாதமாம், இத்தனை நல்ல கிராஃப் வந்ததே இல்லையாம். ஆந்தையில் பதிவாகியிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று பாய்க்குப் போன் போட்டேன். "நீங்க இல்லாம அதை யார் தொடுறது மேடம், நான் போடவே இல்லையே" என்றார். சுத்த சோம்பேறி.

செப்டம்பர் 10, புதன்

போனதும் முதல் வேலையாக ஆந்தையைப் போட்டேன். பெனிட்டா நேற்றைய ரன்னையே திரும்பப் போட்டாள். படுதோல்வி. சர்வர் ரூம் ஏசி ஒழுகுகிறது, சூடு ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். மெக்கானிக் சனிக்கிழமைதான் வருவானாம்.

செப்டம்பர் 15, திங்கள்

ஏசி சரியாகிவிட்டது, அறை குளுகுளு. ஆந்தைக்கும் புதுக் கண் வைத்தேன். இதுவரை ஒரு பங்குக்கு மொத்தமாகத்தான் எண்ணும். இனி ஒவ்வொரு தகவல் ஓட்டத்தையும் தனித்தனியாக எண்ணும். திரையில் பார்க்கக் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது. டைரக்டர் வந்து நின்று பார்த்துவிட்டு, "அசத்திட்டீங்க" என்றார். வாயைத் திறந்து பாராட்டுகிற ஆளே இல்லை அவர்.

பெனிட்டாவின் ரன் இன்று இருப்பதிலேயே மோசம். அவள் பிஎச்டி கைடு போனில் கத்தியது எனக்கே கேட்டது. "ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி வந்தா அது ரிசல்ட்டாம்மா?" நான் சமாதானமாகத்தான் சொன்னேன், "உன் புரோகிராம் கோடுல எங்கயோ பிசகு இருக்கும்மா, நிதானமா பாரு" என்று.

அவள் என்னையே பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க லீவு போட்டா நல்லா வருது."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் என்ன ராசியில்லாதவளா? அவளுக்காக எத்தனை நாள் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்! எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பெனிட்டாவோடு பேசவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது, தோசை ஊற்றினோம்.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் கரன்ட் போய் வந்ததில் ஆந்தை எழுந்திருக்கவில்லை, சரிசெய்யச் சாயங்காலம் ஆகிவிட்டது. இதற்கிடையில் பாய் ஒரு பழைய கேபிளை மாற்றினார். பெனிட்டாவுக்கு ரன் ஜோராக வந்தது! கேபிள்தான் கோளாறு, வேறென்ன? பஜ்ஜி வாங்கி வரச் சொன்னேன். அவளும் சாப்பிட்டாள், "ஸாரிக்கா" என்றாள். போனால் போகிறது, சின்னப் பெண்.

செப்டம்பர் 19, வெள்ளி

திரும்பவும் சொதப்பல். கேபிள் இல்லை போலிருக்கிறது. ஆந்தை மட்டும் ஒரு குறையில்லாமல் ஓடுகிறது, அதுவே பெரிய நிம்மதி.

செப்டம்பர் 25, வியாழன்

மாடிப்படியில் உட்கார்ந்து பெனிட்டா அழுதுகொண்டிருந்தாள். தாண்டிப் போக மனசு வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊருக்குப் போறேன்க்கா. அப்பா வந்துடுன்னுட்டாரு. ஆறு வருஷமா என்னத்தப் படிக்கிறன்னு ஹார்பர்ல எல்லாரும் கேக்குறாங்களாம். தங்கச்சிக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் வந்தாச்சு. நான் மட்டும் இங்க கேபிளப் பிடுங்கிட்டு இருக்கேன்."

"முப்பதாம் தேதி வரைக்கும் உன் ஸ்லாட் இருக்குல்ல?"

"இருந்து என்னக்கா செய்ய? என் கோடு முழுசையும் நாலு தடவை மாத்தி எழுதிட்டேன். எதை நம்புறதுன்னே தெரியல."

சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரை பாய் வண்டியில் விட்டுவந்தார். ஆயுத பூஜைக்கு முன்னால் எண்ணெய், கடலை மாவு வாங்க வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்



நாளைக்குக் கமிட்டி. எல்லாம் தயார் என்றதும் கொஞ்சம் நேரம் கிடைத்தது. மனசுக்குள் பெனிட்டா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது, ராசியில்லாதவள் என்று சொல்லாமல் சொன்னாளே அது. அவள் கோடுதான் தப்பு என்று எனக்கு நானே நிரூபித்துவிடலாம் என்று, அதே காரியத்தைச் செய்கிற ஒரு சின்னக் கன்ட்ரோலரை நானே எழுதினேன். பத்து வரிதான், பிசகவே இடமில்லை. அவள் பங்கில் அதை ஏற்றி, "பாய், பிடுங்குங்க" என்றேன்.

சொதப்பியது. அவளுக்கு வந்த அதே சொதப்பல்.

ஸ்விட்ச்சையே தோண்டிப் பார்த்தேன். ரூல்களை வைத்துக்கொள்ள ஸ்விட்ச்சில் வேகமான இடம் கொஞ்சம்தான். அது நிறைந்துவிட்டால் ஸ்விட்ச் முரண்டு பிடிக்காது, மாட்டேன் என்று சொல்லாது. மேற்கொண்டு வருகிற ரூலை வாங்கி, மெதுவாக வேலை செய்கிற மூலையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். வாசலும் பூட்டும் ஆளுக்கொன்று கொடுத்தேனே தவிர, இந்த இடத்தை நான் பங்கு பிரிக்கவே இல்லை. மற்றவர்கள் காலையிலேயே ரூலைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள், அவர்களுக்குத் தெரியவராது. பெனிட்டாவுக்கு மட்டும் வழி அறுகிற அந்த நொடியில்தான் புது இடம் வேண்டும். அந்த நேரத்தில் அங்கே இடமில்லை. அத்தனையையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் ஆந்தை. எண்ணுகிறேன் எண்ணுகிறேன் என்று அது போட்டு வைத்த ரூல்கள்.

ஆந்தையை நிறுத்தினேன். பாய் பிடுங்கினார். கண் சிமிட்டுவதற்குள் திரும்பியது. போட்டேன், கெட்டது. நிறுத்தினேன், சரியானது. அவள் கோடுல பிசகு, கோடுல பிசகு என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் நாலு தடவை மாற்றி எழுதியிருக்கிறாள்.

டைரக்டரிடம் ஓடினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி, அதுக்கு இப்ப என்ன? நாளைக்கு ஆந்தை ஓடணும். கமிட்டி போனதும் அந்தப் பொண்ணுக்கு இடம் குடுங்க."

"சார், நாளைக்குச் சாயங்காலமே கரன்ட்டை நிறுத்திடுவாங்க. சப்-ஸ்டேஷன் வேலை, பூஜை லீவு முடியிற வரைக்கும் வராது. அவளுக்கு மூணாம் தேதி கடைசி."

"அப்ப அது அவ தலையெழுத்து. நீங்க உங்க வேலையைப் பாருங்க ஈஸ்வரி. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தான் சொல்கிறார், அது பொய்யில்லை.

வெளியே வந்து பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். "உன் கோடு சரி. தப்பு எங்க பக்கம். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுக் கிளம்பி வா." அப்புறம் அவள் அம்மா போனை வாங்கி, "யாருங்க, ஏன் புள்ள அழுவுது?" என்றார்.

பிறகு இன்றைய பொழுதுக்கு ஆந்தை திரையில் காட்டியது முழுவதையும் பதிவு செய்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பெனிட்டா பஸ்ஸிலிருந்து நேராக லேபுக்கு வந்தாள். தலைகூட வாரவில்லை. "ஆந்தை இன்னைக்கு ஓடாது, நீ ஆரம்பி" என்றேன்.

"அப்ப கமிட்டிக்கு என்னக்கா காட்டுவீங்க?"

"அது உனக்கெதுக்கு? உன் வேலையைப் பாரு."

சுவரில் நேற்றைய பதிவை ஓடவிட்டேன். நேற்று நிஜமாக நடந்ததுதானே, பொய் என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டைரக்டருக்கும் சொல்லவில்லை. மூலையில் பெனிட்டா, ரேக்குக்குப் பின்னால் லியாகத் பாய். கமிட்டிக்காகக் கத்தக்கூடாது என்று அவள் கையை மட்டும் ஆட்ட, அவர் எட்டிப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினார்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவி பத்மாசனி மேடம், நரைத்த கொண்டை, கூர்மையான மூக்கு, டெல்லி கமிட்டி என்றாலும் பெங்களூரில் இருக்கிற தமிழ் அம்மாள். திரை முன்னால் நெடுநேரம் நின்றார். நான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

"ரொம்ப நன்னா இருக்கு" என்றார். "கனகசபாபதி, இதை நம்ம மத்த லேப் எல்லாத்துலயும் போட்டுடலாமே. இவங்களையே அனுப்பி வைங்கோ."

காது ஜிவ்வென்றது. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை வருஷம்! டைரக்டர் முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூலையைப் பார்த்தேன். பெனிட்டா நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள். அங்கெல்லாம்கூட இப்படி ஒருத்தி இருப்பாள், உன் கோடுல பிசகு என்று சொல்ல என்னைப்போல ஒருத்தியும் இருப்பாள்.

"வேண்டாம் மேடம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"போட வேண்டாம். இது நேத்து எடுத்த பதிவு. ஆந்தை இப்ப ஓடலை. ஓடவிட்டா அந்தப் பொண்ணோட சோதனை கெட்டுப்போகும். இத்தனை நாளா அப்படித்தான் கெடுத்துட்டு இருந்திருக்கு."

"ஈஸ்வரி!" என்றார் டைரக்டர்.

பத்மாசனி மேடம் குரலை உயர்த்தவில்லை. "கெடுமா? எங்கே, இப்போ போடுங்கோ, பார்க்கறேன்."

பெனிட்டாவுக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து நின்றாள், முகம் வெளுத்துப்போய்.

"இப்ப முடியாது மேடம். அவளுக்கு இன்னைக்கு விட்டா நாளே கிடையாது. நீங்க சாப்பிட்டு வாங்க. அவ முடிச்சதும் நானே போட்டுக் காட்டுறேன்."

"நேத்து நடந்ததை இன்னிக்குன்னு காட்டினவா பேச்சை நான் ஏன் நம்பணும்?"

"நம்ப வேண்டாம் மேடம். வந்து பாருங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாப்பாடு எங்கே என்று டைரக்டரைக் கேட்டார். போனார்கள்.

அவர்கள் திரும்புவதற்குள் பெனிட்டா முடித்துவிட்டாள். ஒன்றுகூடக் கெடவில்லை. அளவுகளைப் பத்திரப்படுத்தினாளா என்று நானும் பாயும் மாற்றி மாற்றிக் கேட்டு அவளைப் படுத்தியெடுத்தோம். பிறகு எல்லார் முன்னாலும் ஆந்தையைப் போட்டேன். "பாய், பிடுங்குங்க!" என்று கத்தினாள். தகவல் ஓட்டம் அப்படியே நின்றுபோனது. மேடம் இன்னொரு தடவை பிடுங்கச் சொன்னார், இன்னொரு தடவை நின்றது. ஆந்தையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன், சீராகத் திரும்பியது. நான் ஆசை ஆசையாக வளர்த்ததைச் சபையில் நானே குற்றவாளியாக்கி நிறுத்தினேன்.

"இது ஓடினப்போ இங்க வேலை பண்ணினவா எல்லாருக்கும் சொல்லிடுங்கோ" என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டு மேடம் கிளம்பினார்.

சாயங்காலம் பூஜை. ஸ்விட்ச்சுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக் கரன்ட்டை நிறுத்தினோம். டைரக்டர் எல்லாருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்தார். என் முறை வந்தபோது போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார். பாய்தான் எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 1, புதன்

வீட்டில் பூஜை. அம்மா மிக்ஸி, குக்கர், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். சுண்டல் நன்றாக வந்தது.

பாய் போன் செய்தார். என் ஃபைல் டைரக்டர் மேஜையிலேயே கிடக்கிறதாம், போகாதாம். "மனசை விட்டுறாதீங்க மேடம்" என்றார். விடவில்லை என்றேன். ஓசூருக்கும் போன் போட்டுச் சொன்னேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம் விடு" என்றார் அவர். அடுத்த தடவை என்று ஒன்று இருக்குமா என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பெனிட்டா கடைசித் திருத்தத்தோடு வந்தாள். கண் சிவந்திருந்தது, லீவு முழுக்கத் தூங்கவில்லையாம். லேப்டாப்பை என் மேஜையில் வைத்தாள்.

"ஆந்தையைப் போட்டப்ப வந்த அளவையும் சேர்த்திருக்கேன்க்கா. கைடு சேர்க்கச் சொன்னாரு. கண்காணிக்கிறதே எப்படிச் சோதனையைக் கெடுக்கும்னு தனியா ஒரு பகுதி." கொஞ்சம் தயங்கினாள். "பேர் எதுவும் போடல. 'ஒரு கண்காணிப்பு மென்பொருள்'னு மட்டும்தான் எழுதியிருக்கேன். யாருக்கும் தெரியாது. சரியாக்கா?"

படித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு கீறல் விழாதபடி பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். நான் அவளிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை.

"ஆந்தைன்னே எழுது. எழுதினது யாருன்னும் எழுது. நாளைக்கு எவனாவது இதைத் தூக்கி வேற லேப்ல போட்டான்னா, யாரைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு அவனுக்குத் தெரியணும்ல?"

"அக்கா, வேண்டாம்க்கா. உங்க ஃபைலு..."

"எழுதும்மா. மா. சங்கரேஸ்வரி. முழுப் பேரையும் போடு."

நின்றபடியே தட்டினாள். என் பேர் அச்சில் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதெல்லாம் வேறொரு காகிதத்தில். பிரின்ட் எடுத்து, பைண்டிங் கடையில் நின்று வாங்கி, யூனிவர்சிட்டி ஆபீஸ் மூடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தோம். கவுன்ட்டரில் முத்திரை குத்துகிற வரை பக்கத்திலேயே நின்றேன். வெளியே வந்ததும் பெனிட்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எவ்வளவு அவளுக்காக, எவ்வளவு எனக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.